இபிஎஃப்பில் முதலாளி பங்கை 17%லிருந்து 12%க்கு இறக்கச் சம்மதித்தால் 18,000 வெள்ளி: கையெழுத்துப் போடலாமா?

பாயான்லெப்பாஸ்43

வணக்கம். பினாங்கில் ஒரு தொழிற்சாலை. இபிஎஃப்பில் (மலேசிய ஊழியர் சேமநிதியில்) முதலாளி பங்காக இப்போது 17% போடுகிறார்கள். ஜனவரியிலிருந்து சட்டப்படியான 12% மட்டும்தான் என்று மாற்றப் போகிறார்களாம். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் ஒரே தடவையாக 18,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுப்பார்கள். 14 நாள் அவகாசம்.

வயது 43. அடிப்படைச் சம்பளம் 6,500. கழிவெல்லாம் போக வரிக்குரிய வருமானம் ஏறக்குறைய 65,000. எக்ஸ்கியூட்டிவ் கிரேட் என்பதால் சங்கம் கிடையாது. வீட்டுக் கடன் உண்டு, கிரெடிட் கார்டு பாக்கி இல்லை. 60 வரை இதே இடத்தில் இருப்பேனா என்று இப்போது சொல்ல முடியாது. இதை எப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது?

சந்தாக்கணக்கு

தம்பி, 18,000ஐத் தள்ளி வைத்துவிட்டு, விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்று முதலில் பாருங்கள். 6,500க்கு 5% என்றால் மாதம் 325, வருடத்துக்கு 3,900. கையில் வராத காசு என்பதால் சின்னதாகத் தெரிகிறது. ஆனால் முதலாளி இபிஎஃப்பில் போடும் பங்குக்கு உங்களுக்கு வருமான வரி இல்லை, பிறகு எடுக்கும்போதும் வரி இல்லை. 3,900 என்றால் முழு 3,900.

60 வயதுக்கு இன்னும் 17 வருடம். சம்பளமே ஏறாது என்று வைத்து, லாப ஈவு 5% என்று எடுத்தால், அந்த 3,900 மட்டும் 60 வயதில் ஏறக்குறைய 100,800 வெள்ளியாக நிற்கும். சம்பளம் வருடம் 4% ஏறினால் 134,000 பக்கம் போகும். 5% அதிக எதிர்பார்ப்பு இல்லை: 2020இல் 5.20%, 2021இல் 6.10%, 2022இல் 5.35%, 2023இல் 5.50%, 2024இல் 6.30% கொடுத்திருக்கிறார்கள்.

அதே தொகையை அதே 5%இல் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், சம்பளம் ஏறாத கணக்கில் 44,000. 4% ஏறும் கணக்கில் 58,500. இது வரி போக உங்கள் கையில் நிற்க வேண்டிய தொகை. கம்பெனி கொடுக்கும் தொகைக்கு வரி உண்டு என்பதால், 44,000 மிஞ்ச வேண்டுமானால் அவர்கள் 55,000க்கு மேல் தர வேண்டும். 58,500 மிஞ்ச வேண்டுமானால் ஏறக்குறைய 74,700.

60 வரை இருப்பவருக்கு 18,000 மூன்றில் ஒரு பங்கு விலைகூட இல்லை. ஆனால் நீங்கள் அப்படி உறுதியாகச் சொல்லவில்லையே. முடிவு தொங்குவது அங்கேதான், கீழே வருகிறேன். அதற்கு முன், 18,000இல் உண்மையில் எவ்வளவு மிஞ்சும் என்பதைச் சம்பளப் பிரிவில் இருப்பவர் யாராவது சொன்னால் நல்லது.

பேரோல்அக்கா

நான் சொல்கிறேன். 65,000க்கு மேல் 18,000 வந்து விழுந்தால், 70,000 வரைக்குமான முதல் 5,000க்கு 11%, அதாவது 550. மீதி 13,000க்கு 19%, அதாவது 2,470. மொத்த வரி 3,020. வேலை இழப்புக்கான நஷ்டஈட்டுக்குச் சேவை வருடம் ஒன்றுக்கு 10,000 வெள்ளி வரிவிலக்கு உண்டு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது இதற்குப் பொருந்தாது. நீங்கள் வேலையை இழக்கவில்லை, நிபந்தனையைத்தான் மாற்றுகிறீர்கள். எச்ஆர் வாய்மொழியாக 'வரி வராது' என்று சொன்னால், இஏ பாரத்தில் (முதலாளி தரும் ஆண்டுச் சம்பள அறிக்கையில்) எந்தத் தலைப்பில் போடப் போகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். ஊக்கத்தொகை, போனஸ், கமிஷன், பெரும்பாலான அலவன்ஸ் எல்லாம் இபிஎஃப் சந்தாவுக்கு உட்பட்டவை. கிராஜுவிட்டி (பணிக்கொடை), ஓய்வுகாலப் பலன், ஆட்குறைப்புத் தொகை, ஓவர்டைம் போன்றவைதான் விலக்கு. அதனால் இந்த 18,000ஐ ஊக்கத்தொகை என்று கொடுத்தால் கம்பெனி அதன்மேல் 12%, அதாவது 2,160 இபிஎஃப்பில் போட வேண்டும். உங்கள் பங்கு 11%, 1,980 பிடிப்பார்கள். அது உங்கள் கணக்குக்கே போகிறது. ஆனால் 4,000 வெள்ளி இபிஎஃப் வரிக்கழிவு உங்கள் சம்பளத்திலேயே நிரம்பிவிட்டதால், அதற்குப் புதிதாகக் கழிவு கிடைக்காது.

ஆகக் கையில் ரொக்கமாக வருவது 18,000 கழித்தல் 1,980 கழித்தல் 3,020, சரியாக 13,000. இபிஎஃப்பில் விழுவது 1,980 + 2,160. மொத்தம் 17,140. பிசிபி (சம்பளத்திலேயே மாதாமாதம் பிடிக்கும் வருமான வரி) அந்த மாதமே பெரிதாகப் பிடிக்கப்படும், பே சிலிப் பார்த்துப் பதற வேண்டாம்.

தொகையை டிசம்பரில் 9,000, ஜனவரியில் 9,000 என்று இரண்டு வரி ஆண்டுகளாகப் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். வருடத்துக்கு 1,310 வரி, இரண்டுக்கும் 2,620. நானூறு வெள்ளி மிச்சம். கம்பெனிக்கு இதில் ஒரு சென்கூட நஷ்டமில்லை.

சந்தாக்கணக்கு

நன்றி அக்கா. அப்படியானால் 17,140ஐ வைத்துக்கொண்டு வருடக் கணக்கைப் பார்ப்போம். விட்டுக்கொடுக்கும் 3,900இன் இன்றைய மதிப்பு, நீங்கள் இன்னும் எத்தனை வருடம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். 3 வருடத்தில் வேலை மாறினால் 10,600தான். 5 வருடம் என்றால் 16,900. 8 வருடம் என்றால் 25,200. 10 வருடம் என்றால் 30,100.

ஐந்து வருடம்தான் எல்லைக்கோடு. அதற்குள் கிளம்பிவிடுவீர்கள் என்றால் ரொக்கம் லாபம். அதைத் தாண்டி இருந்தால் ஒவ்வொரு வருடமும் நஷ்டம் கூடிக்கொண்டே போகும். இபிஎஃப் போடாமல் 'கருணைத்தொகை' என்று கொடுத்து அந்த 2,160ஐ விட்டுவிட்டால், எல்லைக்கோடு நாலரை வருடத்துக்குக் கீழே இறங்கும்.

ஜெலுத்தோங்வாசி

அண்ணே, இபிஎஃப் ஈவு எப்போதும் 5% வரும் என்று யார் கண்டது? சட்டப்படி உறுதி 2.5%தான். ரொக்கத்தை வாங்கி யூனிட் டிரஸ்டிலோ தங்கத்திலோ போட்டால் அது வளராதா?

சந்தாக்கணக்கு

ஈவு குறைந்தால் ரொக்கம் வாங்கியவருக்குச் சாதகம் என்று தோன்றும். கணக்கு அப்படி வராது. எல்லா வருடமும் வெறும் 2.5%தான் என்று வைத்தாலும், மாதாமாதம் போட்டது 60 வயதில் 81,400 ஆகும். 17,140ஐ அதே இபிஎஃப்பில் போட்டால் 26,100தான்.

வெளியே முதலீடு செய்வதானால் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். 17,140 என்பது 17 வருடத்தில் 100,800 ஆக, வருடத்துக்கு ஏறக்குறைய 11% வேண்டும். அதுவும் எல்லாக் கட்டணமும் போக, ஒரு வருடம்கூடச் சறுக்காமல். அதில் 4,140 ஏற்கெனவே இபிஎஃப்பில் பூட்டப்பட்டுவிட்டது, அதை நீங்கள் நினைத்த இடத்தில் போட முடியாது. யூனிட் டிரஸ்டில் நுழைவுக் கட்டணம் முதல் நாளே ஒரு கடி கடிக்கும். நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் போனது போனதுதான். விற்கும்போது லிட்டில் இந்தியாவில் எந்தக் கடையும் அதைத் திருப்பித் தராது. அமானா சாஹாம் மலேசியா (அரசு சார்ந்த யூனிட் டிரஸ்ட்) எல்லா இனத்தவருக்கும் உண்டு, நல்ல இடம்தான், ஆனால் அது 11% தரும் திட்டம் இல்லை.

செந்தூல்_கே

ரொக்கத்தின் பக்கமும் ஒருவர் பேச வேண்டும். கிரெடிட் கார்டு பாக்கி வைத்திருப்பவருக்கு வட்டி வருடம் 15% முதல் 18% வரை. அவருக்கு 13,000 ரொக்கம் கார்டை அடைத்தால், எந்த இபிஎஃப் ஈவும் அதற்கு ஈடாகாது. கேள்வி கேட்டவருக்குக் கார்டு பாக்கி இல்லை என்பதால் இது மற்றவர்களுக்கு.

வீட்டுக் கடனுக்காக ரொக்கம் வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் தங்கள் இபிஎஃப்பைத் திறந்து பாருங்கள். 2024 மே 11லிருந்து புதுச் சந்தா மூன்றாகப் பிரிகிறது: 75% பெர்சாரான் (ஓய்வுகாலக் கணக்கு), 15% செஜாத்ரா (வீடு போன்ற தேவைகளுக்கான கணக்கு), 10% ஃபிளெக்சிபல். செஜாத்ராவிலிருந்து வீட்டுக் கடனைக் குறைக்க எடுக்கலாம். ஃபிளெக்சிபலில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், குறைந்தது 50 வெள்ளி. 'இபிஎஃப்பில் போனால் 55 வரை தொட முடியாது' என்பது கால்வாசிப் பணத்துக்கு இனி உண்மையில்லை. மாதம் 325இல் 32 வெள்ளி 50 சென் ஃபிளெக்சிபலுக்குத்தான் போகிறது.

இன்னொன்று: சொந்தத் தொழில் வைத்திருப்பவர், மற்றவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் எல்லாம் கவனியுங்கள். இபிஎஃப் கணக்கில் இருக்கும் பணத்தைக் கடன்காரர் பறிமுதல் செய்ய முடியாது, இபிஎஃப் சட்டத்தின் 51ஆவது பிரிவு காக்கிறது. வங்கிச் சேமிப்பில் கிடக்கும் 13,000க்கு அந்தக் காப்பு இல்லை.

வடக்குச்சங்கம்

எல்லாரும் எண்ணைப் பார்க்கிறீர்கள், நான் கடிதத்தைப் பார்க்கச் சொல்கிறேன். 17% எங்கே எழுதியிருக்கிறது? நியமனக் கடிதத்தில் 'முதலாளி 17% செலுத்துவார்' என்று இருந்தால் அது ஒப்பந்தம், உங்கள் சம்மதம் இல்லாமல் குறைக்க முடியாது. 'சட்டப்படியான விகிதம், அதற்கு மேல் நிர்வாகத்தின் விருப்பப்படி' என்று இருந்தால் நிலைமை வேறு. அடுத்த வருடம் ஒரு சென் கொடுக்காமல் நிறுத்தினாலும் சண்டை போடுவது கடினம். அப்போது 18,000ஐ ஒப்பிட வேண்டியது 44,000உடன் இல்லை. கையேட்டில் மட்டும் இருந்து, பல வருடமாக எல்லாருக்கும் கொடுத்து வந்திருந்தால் நடுவாந்தரம். அந்த வழக்கத்தையே வாதமாக வைக்கலாம், ஆனால் உறுதி இல்லை.

சட்டப்படியான விகிதத்துக்குக் கீழே இறக்க யாராலும் முடியாது, நீங்களே கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. மாதச் சம்பளம் 5,000 வரை என்றால் 13%, அதற்கு மேல் 12%.

சங்க உறுப்பினராக இருந்து, கூட்டு ஒப்பந்தத்தைத் தொழில் நீதிமன்றம் ஏற்றுப் பதிவு செய்திருந்தால், தனி ஆளாகக் கையெழுத்துப் போட்டு அதைவிடக் குறைந்த நிபந்தனைக்கு இறங்க முடியாது. எச்ஆர் அப்படிப்பட்டவரிடமும் கடிதத்தை நீட்டினால், நேராகச் சங்கச் செயலாளரிடம் கொண்டுபோங்கள்.

சம்மதம் இல்லாமல் குறைத்தால் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். எதிர்ப்பை உடனே எழுத்தில் கொடுங்கள். வேலையை விட்டு, அது கட்டாய வெளியேற்றம் என்று வழக்குப் போடுவது பெரிய ஆபத்து. 1967 தொழிலுறவுச் சட்டம் 20ஆவது பிரிவின் கீழ் 60 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும், தோற்றால் வேலையும் போய்விடும். 5% சந்தாவுக்காக வழக்கறிஞரைப் பார்க்காமல் அந்த வழியில் இறங்காதீர்கள்.

கடிதத்தில் இரண்டு வாசகங்களைத் தேடுங்கள். முதலாவது, 24 மாதத்துக்குள் விலகினால் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்பது. இருந்தால் முழுத் தொகையா, மாத விகிதப்படியா, வரிக்கு முந்திய தொகையா, கையில் வந்த தொகையா என்று கேளுங்கள். 13,000 வாங்கிவிட்டு 18,000 திருப்பிக் கட்டும்படி ஆகிவிடக்கூடாது. ஐந்து வருடத்துக்குள் போகிறவருக்குத்தான் ரொக்கம் லாபம் என்று மேலே கணக்குக் காட்டினார்கள், இந்த வாசகம் அதே ஆளைத்தான் குறிவைக்கிறது. இரண்டாவது, 'நிறுவனத்தின் மீது எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன்' என்கிற பொது வாசகம். அதைச் 'சந்தா விகித மாற்றம் தொடர்பாக மட்டும்' என்று சுருக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாக்கி லீவு, பழைய ஓவர்டைம் எல்லாம் அதோடு போய்விடும்.

பிரிக்பீல்ட்ஸ்52

கேஎல்லில் இதே மாதிரி வேறொரு கேள்வி. இங்கே கிராஜுவிட்டி. கையேட்டின்படி 60 வயதில் ஓய்வுபெறும்போது சேவை வருடம் ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம், கடைசிச் சம்பளத்தை வைத்து. இப்போது 24 வருடச் சேவை, சம்பளம் 4,800, வயது 52. திட்டத்தை மூடிவிட்டு, சேர்ந்த தொகையில் 70% இப்போதே தருகிறார்களாம்: 40,320. கம்பெனி முன்பு மாதிரி இல்லை, ஆர்டர் குறைந்துவிட்டது. என்ன செய்யலாம்?

சந்தாக்கணக்கு

அண்ணே, 24 வருடத்துக்கு அரை மாதம் என்றால் 57,600, அதில் 70% அவர்கள் சொல்வது. ஆனால் நீங்கள் விடுவது 57,600 இல்லை. 60 வயதில் சேவை 32 வருடம். சம்பளம் வருடம் 3% ஏறினால் கடைசிச் சம்பளம் 6,080 பக்கம். அரை மாதம் 3,040, பெருக்கல் 32: ஏறக்குறைய 97,300. 55க்கு மேல் ஓய்வுபெற்று, அதே முதலாளியிடம் 10 வருடமாவது வேலை செய்திருந்தால் கிராஜுவிட்டிக்கு முழு வரிவிலக்கு. வேலையில் இருக்கும்போதே இப்போது வாங்கினால் அந்த விலக்குக் கிடைக்காது. இபிஎஃப்பும் 9,000 சொந்தக் கழிவும் போக உங்கள் வரிக்குரிய வருமானம் 44,600 என்று வைத்தால், 40,320க்கு வரி 5,360. மிஞ்சுவது 34,960.

97,300இன் இன்றைய மதிப்பு 5%இல் 65,850. 34,960ஐ அதனால் வகுத்தால் 0.53. அதாவது, 60 வயதில் அந்தக் கிராஜுவிட்டி கைக்கு வர நூற்றுக்கு 53க்குக் குறைவான வாய்ப்புத்தான் என்று உங்கள் மனதுக்குப் பட்டால் ரொக்கத்தை வாங்குங்கள். அதைவிட நம்பிக்கை இருந்தால் விடாதீர்கள்.

இபிஎஃப்புக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இங்கேதான். கணக்கில் விழுந்த சந்தாவைக் கம்பெனி மூடினாலும் யாரும் தொட முடியாது. கிராஜுவிட்டி பெரும்பாலும் கம்பெனியின் ஏட்டில் மட்டும் இருக்கும் ஒரு வாக்குறுதி. தனி டிரஸ்ட் நிதியில் காசைப் போட்டு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும், உங்கள் 53 கணக்கின் பதிலும் மாறும். ஏட்டில் மட்டும் என்றால் கம்பெனியின் ஆண்டுக் கணக்கறிக்கையை எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையத்தில்) கொஞ்சக் கட்டணம் கட்டி வாங்கிப் பாருங்கள். இரண்டு, மூன்று வருடம் தொடர் நஷ்டமா, வங்கிக் கடன் ஏறுகிறதா என்று தெரிந்துவிடும்.

பேரோல்அக்கா

கையேட்டில் 'முதலாளியின் இபிஎஃப் பங்கைக் கழித்து' என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள் அண்ணே. இருந்தால் 97,300 என்பது வெறும் கனவு எண், கழித்தால் ஒன்றும் மிஞ்சாமல்கூடப் போகலாம். அப்படி இருந்தால் 40,320ஐச் சும்மா கிடைத்த காசு மாதிரி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியைப் படிக்காமல் எந்தக் கணக்கும் நிற்காது.

சந்தாக்கணக்கு

மீண்டும் பினாங்குத் தம்பிக்கு. ரொக்கமா, 17%ஆ என்று இரண்டே கதவுதான் இருப்பதாக நினைக்க வேண்டாம். கம்பெனியிடம் வேறு இரண்டு வழி கேட்கலாம்.

அந்த 5%ஐ அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்கச் சொல்வது ஒன்று. 325 கூடினால் அதற்கு முதலாளி 12% இபிஎஃப் 39 வெள்ளி. மொத்தம் 364. உங்கள் வரி அடுக்கு 11% என்றால் 36 வெள்ளி போய் 328 மிஞ்சும், 19% அடுக்கில் 302. இப்போதைய 325க்குக் கிட்டத்தட்ட சமம். அதோடு போனஸும் வருடாந்தர உயர்வும் பெரிய சம்பளத்தின்மேல் கணக்காகும். வேறு கம்பெனிக்குப் போகும்போது 'கடைசிச் சம்பளம்' என்று காட்டுவதும் 6,825 ஆகிவிடும். 18,000ஐவிட இதையே நான் முதலில் கேட்பேன். ஒரே எச்சரிக்கை, 5,000ஐ ஒட்டிச் சம்பளம் வாங்குபவர்களுக்கு: 4,900க்கு முதலாளி பங்கு 13%, 637. 5% ஏறி 5,145 ஆனால் 12% அடுக்குக்குப் போய், இபிஎஃப் அட்டவணையில் 5,200 வரைக்கான வரிசைப்படி 624 ஆகக் குறையும்.

மற்றது, அந்த 18,000ஐ ரொக்கமாகத் தராமல் கூடுதல் முதலாளி சந்தாவாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொல்வது. முதலாளிக்கு வரிக்கழிவு சம்பளத்தில் 19% வரை கிடைக்கும். 12%க்கு மேல் 7% இடம் இருக்கிறது, மாதம் 455. 40 மாதத்தில் 18,000 முடிந்துவிடும். உங்களுக்கு 3,020 வரி மிச்சம். ஆனால் இடையில் விலகினால் மீதி என்னாகும் என்பதைக் கடிதத்தில் எழுதி வாங்க வேண்டும், இல்லையென்றால் இதைத் தொடாதீர்கள்.

செந்தூல்_கே

ஆட்குறைப்பு நடந்தால் என்ன என்பதையும் பாருங்கள். 1980 வேலைநீக்கப் பலன் விதிமுறைகளின்படி 5 வருடத்துக்கு மேல் சேவை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். ஆனால் 4,000க்கு மேல் வாங்குபவருக்கு அது பொருந்தாது, ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் அவருக்கு. அங்கேயும் கணக்கு பெரும்பாலும் சம்பளத்தை வைத்துத்தான் போடுவார்கள். 5%ஐச் சம்பளத்தில் சேர்த்தால் அந்தத் தொகையும் கூடும், சந்தாவாக இருந்தால் உயராது.

பாயான்லெப்பாஸ்43

எல்லாருக்கும் மிக்க நன்றி. நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். 'முதலாளி பங்கு 17%' என்றே இருக்கிறது, 'விருப்பப்படி' என்கிற வார்த்தை இல்லை. எச்ஆருக்கு இதை அனுப்பலாம் என்று இருக்கிறேன்:

'சம்மதக் கடிதம் கிடைத்தது. பரிசீலிக்க வேண்டியிருப்பதால் பின்வருவனவற்றை எழுத்தில் தெரிவிக்கவும். 18,000க்கு இபிஎஃப் சந்தா செலுத்தப்படுமா? இஏ பாரத்தில் எந்தத் தலைப்பில் வரும்? தொகையைத் திருப்பிக் கேட்கும் நிபந்தனை உண்டா, எனில் எந்தத் தொகையின் அடிப்படையில்? 5%ஐ அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்கும் மாற்று வழியை நிர்வாகம் பரிசீலிக்குமா? பதில் கிடைத்த நாளிலிருந்து 14 நாள் அவகாசம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

வடக்குச்சங்கம்

நல்ல கடிதம். முடிவில் ஒரு வரி சேருங்கள்: 'என் எழுத்துப்பூர்வ சம்மதம் கிடைக்கும் வரை தற்போதைய 17% தொடரும் என எடுத்துக்கொள்கிறேன்.' அவகாசம் முடிந்த பிறகு நீங்கள் பேசாமல் இருந்ததையே சம்மதம் என்று காட்ட வழி விடாது. பதில் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ வரட்டும், மேனேஜர் அறையில் வாய்மொழியாகச் சொன்னால், 'நீங்கள் சொன்னது இதுதானே' என்று அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

பேரோல்அக்கா

ஜனவரிச் சம்பளத்துக்கான சந்தாவைப் பிப்ரவரி 15க்குள் கட்ட வேண்டும். 16ஆம் தேதிக்குப் பிறகு ஐ-அக்காவுன் (இபிஎஃப்பின் இணையக் கணக்கு) செயலியில் முதலாளி பங்கைப் பாருங்கள். 6,500க்கு 17% என்றால் 1,105 இருக்க வேண்டும். 780 இருந்தால் உங்களைக் கேட்காமலே இறக்கிவிட்டார்கள் என்று பொருள். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, அதே வாரம் எழுத்தில் எதிர்ப்புக் கொடுங்கள்.